தணிக்கைத் தடை எண் 117

'ஞாயிற்றுக்கிழமைகளில்
வெள்ளெலிகளுக்குத் தீனி வழங்கப்பட்டது ஏன்?
விடுமுறை நாள் பணிக்கான முன்அனுமதி ஆணை
கோப்பில் காணப்படவில்லை.
ஐம்பத்திரண்டு ஞாயிறு, ஞாயிறுக்குத் தொண்ணூறு வீதம்
ரூபாய் நாலாயிரத்து அறுநூற்று எண்பது
உரியவரிடமிருந்து வசூலிக்கப்பட வேண்டும்.'

கணக்கு சரியாகத்தான் இருக்கிறது.
பெருக்கிப் பார்த்தேன்.

பதில் எழுத வேண்டியவள் நான்.
நிதிப்பிரிவு, மூன்றாம் மேசை.
ஜன்னலுக்கு வெளியே நாகமலை.
பாம்பு படுத்திருப்பதாகச் சொல்வார்கள்.
எனக்கென்னவோ
சென்னைக்குப் போன கோப்பு திரும்பி வருகிற வழிபோல
அது பாட்டுக்கு நீண்டு கிடக்கிறது.

சம்பளம் வந்து மூன்று மாதம்.
துணைவேந்தர் நாற்காலிக்கு உறை போட்டு
அந்த உறையும் அழுக்காகிவிட்டது.
கையெழுத்துப் போட ஒரு குழு இருக்கிறது, சென்னையில்.
மூன்று பேரும் ஒருசேர ஊரில் இருக்கும் நாளை
முகூர்த்தம் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

மானியம் கேட்டு எழுதினோம்.
நீங்கள் தன்னாட்சி அமைப்பு,
சொந்த வருவாயைப் பெருக்கிக்கொள்க என்று வந்தது.
கட்டணத்தை உயர்த்துவதாக எழுதினோம்.
அரசின் முன்அனுமதி இன்றி இயலாது என்று வந்தது.
இரண்டு கடிதத்தின் மூலையிலும் ஒரே சுருக்கொப்பம்.
அவருக்கும் ஏதோ ஒரு மூன்றாம் மேசை இருக்கும்.

தடை எழுதியவரை வைய மனம் வரவில்லை.
இதே மாடியில்
வந்து சேராத அமிலத்துக்கு மூன்று முறை பட்டியல் போட்டவரை
எனக்குத் தெரியும்.
அன்றைக்கு யாரும் ஞாயிற்றுக்கிழமையைக் கேட்கவில்லை,
திங்கட்கிழமையையும் கேட்கவில்லை.
இப்போது அவருக்கும் ஓய்வூதியம் நின்றுபோய்
காசாளர் ஜன்னலில் எனக்கு முன்னால் நிற்கிறார்.

எலிக்கூடத்து ஒச்சப்பனைக் கூப்பிட்டனுப்பினேன்.
கீழக்குயில்குடியிலிருந்து மொபெட்டில் வந்தவர்
தாளை வாங்கித் தலைகீழாக ஒரு தரம், நேராக ஒரு தரம் பார்த்தார்.
"ஞாயித்துக்கெழம பசிக்கக் கூடாதுன்னு
அதுகளுக்கு யாரும்மா ஆர்டர் குடுத்தாய்ங்க?"
பிறகு குரலை இறக்கி,
"இந்த மூணு மாசமா நான் பில்லே போடல.
வீட்டு ரேஷன் அரிசிதேன், கொஞ்சம் பொட்டுக்கடல."

ஒரு நாள் பட்டினி போட்டாலும்
ஒன்பது மாதச் சர்க்கரை அளவு பொய்யாகிவிடும் என்றாள்
ஆய்வு மாணவி தில்ஷாத்.
அவளுக்கு உதவித்தொகை நின்று ஆறு மாதம்.
அவளுடைய சர்க்கரையை யாரும் அளக்கவில்லை.

மதியம் சோற்று டப்பாவைத் திறந்தபோது
கொங்கர்புளியங்குளத்துக் குகை நினைவுக்கு வந்தது.
படிக்கவும் நோற்கவும் வந்தவர்களுக்குக்
கல்லில் படுக்கை வெட்டிய இடம்.
பொன் கொடுத்தவன் பெயர் மேலே பாறை விளிம்பில் இருக்கிறது.
பெயர், ஊர், பொன்.
நிபந்தனை ஒன்றும் இல்லை.
நல்ல மனசு என்று முன்பு நினைத்தேன்.
கல்லில் எழுதுவது கைவலி என்பதாலும் இருக்கலாம்.

பதிலுக்கு மூன்று வரைவு.

'இனிவரும் காலங்களில் தவிர்க்கப்படும்.'
வழக்கமான வரி, உடனே ஏற்றுக்கொள்வார்கள்.
தட்டச்சு செய்து, வாசித்து, கிழித்தேன்.

'எலிகள் ஞாயிறும் உண்ணும்.'
உண்மை. ஆனால் சான்றாவணம் இணைக்க முடியாது.

கடைசியில் இப்படிப் போனது:
'விடுமுறை விதிகள் வெள்ளெலிகளுக்குப் பொருந்துமா என்பது குறித்து
அரசின் தெளிவுரை கோரப்படுகிறது.
தெளிவுரை பெறும்வரை
வசூல் நடவடிக்கையை நிறுத்திவைக்கலாம்.'

கண்காணிப்பாளர் சிரிக்காமல் ஒப்பமிட்டார்.
நானும் சிரிக்கவில்லை.
குறைந்தது இரண்டு வருடம் தாங்கும்.

தபாலில் சேர்த்தபோது மணி ஐந்தே கால்,
வெள்ளிக்கிழமை.
படியில் இறங்கும்போது
ஒச்சப்பன் மொபெட்டை உதைத்துக்கொண்டிருந்தார்.
பெட்ரோல் இல்லையா, பிளக்கா, தெரியவில்லை.

நாளை மறுநாள் ஞாயிறு.